தலை குனிந்து எரிந்த திரி

நெமேசியா யுபாரி ஜெயித்தவை இவை. மலையூர் கோல்காபம்பாவின் பதினான்கு மெழுகுவர்த்திக் குடும்பங்களும் மூன்று வருடமாகப் பெருமையோடு போட்டுவந்த கம்பித் திரியை ஒரே காலைப்பொழுதில் விலக்க வைத்தாள். தலைநகர் லிமாவிலிருந்து சரக்கு கொண்டுவரும் வியாபாரியை, ஒரு வெள்ளைத் தாளை வைத்தே வாயடைக்க வைத்தாள். பிள்ளை பெற்ற அறைகளின் ஜன்னல்களை ஒரு சாண் அளவுக்காவது திறக்க வைத்தாள். அதுவரை ஆண்களே வகித்துவந்த, மெழுகுவர்த்திகளை அடுக்கி ஊர்வலம் எடுக்கும் ஈஸ்டர் கோபுரத்தின் தலைமைப் பொறுப்பைத் தன் பெயருக்கு வாங்கினாள்.

எதை வைத்து ஜெயித்தாள் என்றும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்து வாசற்படியை அவள் மிதித்ததே இல்லை. கொதித்த மெழுகு கொட்டியதில் இடது கையில் இரண்டு விரல் மடங்காது. கணவன் மார்செலீனோ இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவன் விட்டுப்போனது ஒரு செப்புக் கொப்பரை, திரிகளைத் தொங்கவிடும் இரண்டு இரும்பு வளையங்கள், நீளக் கைப்பிடி போட்ட ஓர் அகப்பை. அவ்வளவுதான்.

அவளுடைய அண்ணன் ஒனோராத்தோ ஆறு வயது மூத்தவன். தகர வேலை செய்பவன். அவன் மூன்றாம் வகுப்பு வரை பள்ளிக்குப் போனான். வீட்டில் ஆடு மேய்க்க ஓர் ஆள் வேண்டியிருந்ததால் அவள் மலைக்குப் போனாள். தொழில் பழகியதும் அவன் தன் கையால் முதலில் செய்த பொருள் தங்கைக்காக ஒரு தகரப் பெட்டி. திரி போட்டு வைக்க. மூடியில் அவள் பெயரை ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திக் கொடுத்தான். அவளுக்கு அப்போது பதினாறு வயது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். "உன் பேரு" என்றான். அவள் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு மூடியைச் சாத்தினாள். அதோடு சரி.

விஷயம் தொடங்கியது 2004 ஜனவரியில், ஒனோராத்தோவின் வீட்டில். அவன் மகள் டெல்ஃபினாவுக்கு ஆண் குழந்தை பிறந்து ஐந்து நாள். பிள்ளை பெற்றவள் அறையை எட்டு நாள் காற்றுப் புகாமல் அடைத்து வைப்பது ஊர் வழக்கம். ஜன்னலில் கம்பளி, கதவிடுக்கில் துணி. உள்ளே இரவும் பகலும் ஈஸ்டர் மெழுகுவர்த்தி எரியும். முந்தைய ஈஸ்டர் கோபுரத்தில் எரிந்து மிஞ்சிய கட்டைகளை, கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளுக்கு முதலில் கொடுப்பார்கள். எட்டு நாளும் அந்தச் சுடர் அணையக் கூடாது.

அன்று மத்தியானம் நெமேசியா குழந்தையைத் துடைத்துவிட வந்தாள். பஞ்சைத் திரித்து மூக்கைச் சுத்தம் செய்தாள். பஞ்சு கரேலென்று வந்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் அப்படியே.

"ஏன்டி டெல்ஃபினா, அடுப்பத் தூக்கி உள்ள வெச்சிருந்தியா?"

"அடுப்பா? மெழுகுவர்த்தி மட்டுந்தான் அத்தை எரியுது. நீங்க ஊத்துனதுதான்."

நெமேசியா திரும்பிப் பார்த்தாள். சுடர் ஒரு சாண் உயரம் எழுந்து நுனியில் புகை கக்கிக்கொண்டிருந்தது. நடுவில் திரி ஆணி அடித்தது போல விறைப்பாக நின்றது. அதன் தலையில் காளான் குடை மாதிரி ஒரு கரிக்கட்டி. சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தின் முகம் பாதி கறுத்திருந்தது. அந்த நிமிர்ந்த திரியைக் காட்டித்தான் அவள் மூன்று வருடமாகச் சந்தையில் கூவி விற்றாள்.

குனிந்து ஊதி அணைத்தாள்.

"ஐயோ! எட்டு நாள் ஆகலையேடி! என்ன காரியம் பண்ணுன?" என்று அண்ணி ஓடி வந்தாள்.

"பழி எம்மேல வரட்டும் அண்ணி" என்று சொல்லிவிட்டு, மெழுகுவர்த்தியைப் பிடுங்கிக்கொண்டு முன்பக்கத்துப் பட்டறைக்கு வந்தாள். ஒனோராத்தோ ஒரு புனலுக்கு விளிம்பு மடக்கிக்கொண்டிருந்தான். அவள் அவனுடைய கத்தியை எடுத்து மெழுகை நீளவாக்கில் பிளந்தாள். திரியை உருவி, பருத்தியை நகத்தால் சுரண்டினாள். உள்ளே இருந்த மெல்லிய கம்பி வெளியே வந்தது.

"அண்ணே, இது வெள்ளியா?"

வெள்ளி என்றுதான் ஊர் முழுக்க நம்பியது. வியாபாரி ஃபவுஸ்தீனோ அதை 'வெள்ளி இழைத் திரி' என்றுதான் விற்றார். ஆண்டவருக்கு வெள்ளியில் திரி போடுகிறோம் என்பதில் பதினான்கு குடும்பத்துக்கும் தலைகால் புரியாத பெருமை.

ஒனோராத்தோ கம்பியை வளைத்தான். எதிர்ப்பே இல்லாமல் வளைந்து, வளைத்த இடத்திலேயே நின்றது. நகத்தால் அழுத்தினான், பள்ளம் விழுந்தது. ரொட்டி சுற்றி வந்த வெள்ளைத் தாளை மேசைமேல் விரித்துக் கம்பி முனையால் ஒரு கோடு இழுத்தான். சாம்பல் நிறத்தில் பளபளவென்று கோடு விழுந்தது.

அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்.

"சொல்லுண்ணே."

"வெள்ளி இல்ல புள்ள. ஈயம்."

"சுடர்ல உருகுமா?"

"மெழுகுவர்த்திச் சுடரே தாராளம்."

"உருகி எங்க போகும்?"

"கொஞ்சம் சொட்டும். கொஞ்சம்..." அவன் கண் உள்ளறைக் கதவுக்குப் போனது. "கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாத புகையாப் போகும்."

அவனுக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் கதவைச் சாத்திவிட்டு ஈயப் பற்றவைப்பு வேலை செய்தே வயிற்று வலியில் சுருண்டவர். கடைசிக் காலத்தில் அவருடைய மணிக்கட்டு இரண்டும் துவண்டு தொங்கின. கரண்டி பிடிக்க முடியாது. அன்றிலிருந்து ஒனோராத்தோ மழையோ ஆலங்கட்டியோ, பட்டறைக் கதவைத் திறந்து வைத்துத்தான் ஈயத்தை உருக்குவான். அப்படிப்பட்டவன் ஐந்து நாளுக்கு முன் தன் கையாலேயே மகள் அறையின் கதவிடுக்கில் துணி அடைத்திருந்தான்.

அவன் எழுந்து போய்க் கம்பளியைப் பிய்த்தெறிந்து ஜன்னலைத் திறந்தான். மறுநாள் தாயையும் பிள்ளையையும் கழுதைமேல் ஏற்றிச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனான். அங்கிருந்த நர்ஸ் நன்றாகத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, "சீக்கிரம் கண்டுபிடிச்சீங்க. அறையக் கழுவி விடுங்க, காத்து வரட்டும், வாராவாரம் பிள்ளையக் கொண்டாந்து காட்டுங்க" என்றாள்.

நெமேசியாவின் வீட்டில் மெழுகுவர்த்தித் திருநாள் விற்பனைக்காக முன்னூற்றுப் பன்னிரண்டு மெழுகுவர்த்திகள் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் இறக்கினாள். முற்றத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிளந்து கம்பியை உருவினாள். பக்கத்து முற்றத்திலிருந்து எர்மெலிந்தா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். அவளும் மெழுகுவர்த்திக்காரிதான், ஊரிலேயே நீள நாக்கு.

"என்னடி, மெழுகுவர்த்திக்கெல்லாம் பிரேதப் பரிசோதனை நடக்குது?"

"உள்ள விஷம் இருக்கு, எர்மெலிந்தா. உன்னோடதயும் பிளந்து பாரு."

"என் நாக்குல இல்லாத விஷமா? போடி. புருஷன் போனான், இப்ப புத்தியும் போச்சு."

பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுவர்த்தித் திருநாள். பூசை முடிந்ததும் மெழுகுவர்த்திக்காரர்களின் சங்கம் கோயில் பக்கத்து மண்டபத்தில் கூடும். அந்த வருட ஈஸ்டர் கோபுரத்துக்கு என்ன மெழுகு, என்ன திரி, யார் எத்தனை என்று அன்றைக்குத்தான் முடிவாகும். தலைவர் பெனிக்னோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குறிப்பேட்டைத் திறந்தார். ஃபவுஸ்தீனோ திரிக் கண்டுகளை மேசையில் அடுக்கி வைத்திருந்தார். பெண்கள் சுவரோரமாக நின்றார்கள்.

நெமேசியா முன்னால் வந்து, "இந்தத் திரி வேண்டாம். இது வெள்ளி இல்ல, ஈயம்" என்றாள்.

மண்டபம் சலசலத்தது. ஃபவுஸ்தீனோ கோபப்படவில்லை. சிரித்தார்.

"தாயே, நீ எதுல கையெழுத்துப் போட்டிருக்க? கட்டைவிரல உருட்டுறவ உலோகத்துக்குப் பேரு வெக்க வந்துட்டியா?"

"எனக்கு எழுதத் தெரியாது முதலாளி. ஆனா உங்க கம்பிக்குத் தெரியும். எழுத வெச்சுக் காட்டட்டுமா? தலைவரே, ஒரு வெள்ளத் தாள் வேணும்."

மண்டபத்தில் இருந்த ஒரே வெள்ளைத் தாள் சங்கத்துக் குறிப்பேடுதான். பெனிக்னோ தயங்கினார். பிறகு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திருப்பி வைத்தார்.

"எர்மெலிந்தா, உன் சால்வை ஊசியக் கொஞ்சம் குடு."

"எங்க அம்மா கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளி ஊசி இது. ஒரு கீறல் விழுந்துச்சு, உன் சடைய அறுத்துருவேன்."

"அறுத்துக்க. குடு."

நெமேசியா ஊசி முனையைத் தாளில் வைத்து இழுத்தாள். ஒன்றும் விழவில்லை. அழுத்தி இழுத்தாள், தாளில் வெறும் பள்ளம். பிறகு ஃபவுஸ்தீனோவின் கண்டிலிருந்தே ஒரு முழம் வெட்டி, பருத்தியை உரித்தாள். கம்பி விரலில் படாமல் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். பெனிக்னோவின் மூக்குக்கு நேராகச் சாம்பல் நிறக் கோடு ஒன்று நீண்டது. இன்னொன்று. மூன்றாவது. வாழ்க்கையில் அவள் காகிதத்தில் போட்ட முதல் கோடுகள் அவை. நடுக்கமில்லாமல் நேராக இருந்தன.

"வெள்ளி ஊசி ஏன் எழுதல? உங்க வெள்ளி மட்டும் ஏன் எழுதுது?" என்று கேட்டாள்.

ஃபவுஸ்தீனோ தோளைக் குலுக்கினார். "சரி, ஈயமாவே இருக்கட்டும். அத வெச்சுக் குண்டு செஞ்சு சுட்டாத்தான் ஆள் சாவான். மெழுகுவர்த்தியில இருந்தா என்ன செய்யும்?"

அப்போது ஒனோராத்தோ எழுந்தான். சபையில் பேசிப் பழக்கமில்லாதவன். தன் ஆசானின் மணிக்கட்டுகள் தொங்கியதைத் தன் கையாலேயே காட்டினான். பிறகு, "என் பேரன் மூக்குல அஞ்சே நாள்ல கரி அப்பியிருந்துச்சு. கரி கண்ணுக்குத் தெரிஞ்சுது. தெரியாதது எவ்வளவு உள்ள போச்சோ, அது சாமிக்குத்தான் வெளிச்சம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

எர்மெலிந்தா தன் ஊசியைத் திருப்பி வாங்க மறந்து நின்றாள். அவள் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஒரு வயது. "நானும் எட்டு நாள் இதத்தானே எரிச்சேன்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. அப்புறம் அந்தக் குரல் ஏறிய ஏற்றத்தில் ஃபவுஸ்தீனோ நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "யோவ், வெள்ளின்னு சொல்லியா பச்சப்புள்ளைக்கு ஈயம் வித்த? உன் மீசையில கட்டி எரிக்கட்டுமா அந்தத் திரிய?"

கம்பித் திரி வேண்டாம் என்று பதினான்கு குடும்பமும் கை தூக்கியது.

ஃபவுஸ்தீனோ கண்டுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டே கடைசியாக ஒன்று சொன்னார். "அப்ப பழைய முறுக்குத் திரியத்தான போடுவீங்க? நாலு வருஷம் முன்னாடி பாதி வழியில இருநூறு சுடர் அணைஞ்சதே, மறந்துருச்சா? தலை தொங்குன திரியப் பாத்துப் பக்கத்து ஊர்க்காரன் சிரிச்சானே?"

யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் ஈஸ்டர் முடிந்த வாரமே ஆலங்கட்டி விழுந்து சோளம் போனது. திரி தலை சாய்ந்தால் அந்த வீட்டில் ஏதோ பாவம் இருக்கிறது என்று பேசுகிற ஊர் அது. நிமிர்ந்து நிற்கும் கம்பித் திரியை அத்தனை பேரும் ஓடிப்போய் வாங்கியது அதற்காகத்தான்.

"பாதியில அணையாத திரி நான் தர்றேன். கம்பி இல்லாம" என்றாள் நெமேசியா.

பெனிக்னோ அவளை நிதானமாகப் பார்த்தார். "இது கோபுரம்மா. ஆயிரத்து நூத்தி நாப்பது சுடர். தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போச்சுன்னா என் கொப்பரைய சங்கத்துக்கே குடுத்துடறேன். அப்புறம் நான் மெழுகத் தொட மாட்டேன்."

பொறுப்பை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கைநாட்டு சாட்சிக்குத்தான் செல்லும், பொறுப்புக்குச் செல்லாது என்பது சங்கத்தின் சட்டம். ஒனோராத்தோ கையெழுத்துப் போட்டான். அதற்குக் கீழே சாட்சியாக அவள் கட்டைவிரலை உருட்டினாள். தன் காரியத்துக்குத் தானே சாட்சி.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் மசியைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டே வந்தாள். வீடு வந்த பிறகும் தேய்த்தாள்.

"போயிடும் விடு" என்றான் அண்ணன்.

"போவாதுண்ணே" என்றாள்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் முழுக்கத் திரிச் சோதனை நடந்தது. ஒனோராத்தோ ஒரு தகரத் துண்டில் ஒவ்வொன்றையும் ஆணியால் குறித்து வைத்தான்: எத்தனை இழை, எவ்வளவு நேரம் எரிந்தது, சுடருக்கு மேல் பிடித்த வெள்ளைப் பீங்கான் தட்டில் எவ்வளவு கரி. முதல் திரி மெல்லியது. உருகிய மெழுகில் மூழ்கிச் செத்தது. இரண்டாவது தடிமன், தட்டு கறுத்துவிட்டது. மூன்றிலிருந்து ஆறு வரை தொடையில் உருட்டி முறுக்கிய திரிகள். எரிய எரிய நடுவில் குவிந்து நின்று, தலையில் கரி கட்டி, கடைசியில் ஒரேயடியாகச் சரிந்தன.

ஏழாவதற்கு அவள் வெயிலில் உட்கார்ந்து தலை வாரும்போதுதான் வழி கிடைத்தது. சடையின் நுனியைக் கையில் பிடித்துப் பார்த்தவள், சீப்பை அப்படியே தலையில் விட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடி வந்தாள்.

"அண்ணே, முறுக்குனா உருண்டையா நிக்குது. பின்னுனா தட்டையா இருக்குது பாரு. தட்டையா இருக்கறது ஒரு பக்கமா வளையுந்தான?"

"வளைஞ்சா என்ன லாபம்? ஊரு வளையக் கூடாதுங்குது."

"ஊர அப்புறம் பாத்துக்கலாம். இதப் பாரு."

மூன்று புரியாக, புரிக்கு ஆறு இழையாக, சடை போலத் தட்டையாகப் பின்னினாள். மெழுகு ஊற்றி ஆறவைத்து ஏற்றினாள். திரி மெல்ல ஒரு பக்கம் வளைந்து, நுனியைச் சுடரின் ஓரத்துக்கு நீட்டியது. வெப்பம் அதிகமான அந்த விளிம்பில் நுனி தானாகவே எரிந்து உதிர்ந்தது. யாரும் கத்தரி வைக்காமலே திரி தன் நீளத்தைத் தானே வெட்டிக்கொண்டது. ஒனோராத்தோ மூச்சு விடாமல் பார்த்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் நுனியில் சாம்பல் கட்டி, மறுபடி புகை வந்தது.

அந்தச் சாம்பலை ஜெயிக்க வழி காட்டியது ஒரு கைத்தவறு. பித்தளைக்குப் பற்று வைக்க ஒனோராத்தோ வெங்காரம் என்னும் வெள்ளைப் பொடியைக் கரைத்து ஒரு தட்டில் வைத்திருப்பான். அவள் கொண்டுவந்த பதினோராவது கட்டுத் திரி அதில் விழுந்து ஊறிவிட்டது.

"போச்சு. தூக்கிப் போடு" என்றான்.

"பருத்தி என்ன மரத்துலயா காய்க்குது?" என்று சொல்லிவிட்டுத்தான் அவளுக்கே உறைத்தது. "சரி, செடியிலதான் காய்க்குது. அதுக்காகத் தூக்கிப் போட முடியுமா?"

காயவைத்து மெழுகு ஊற்றினாள். ஏற்றியபோது சாம்பல் கட்டவில்லை. நுனியில் கண்ணாடி மணி போல உருண்டு, உதிர்ந்து போனது. அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வெங்காரம் எவ்வளவு, கூடச் சேர்க்கும் உப்பு எவ்வளவு, புரிக்கு எத்தனை இழை என்பதுதான் பாக்கி. காலையில் ஏற்றிய பதினேழாவது திரி மத்தியானம் வரை ஒரே உயரத்தில் எரிந்தது. தட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். அதில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு வெள்ளை.

ஆயிரத்து நூற்று நாற்பது திரிகளைப் பின்ன ஆள் வேண்டுமே. ஆண்களுக்கு முறுக்கத்தான் தெரியும். பின்னத் தெரிந்தவர்கள் சுவரோரம் நின்றவர்கள். நெமேசியாவின் முற்றத்துக்கு இருபத்திரண்டு பெண்கள் வந்தார்கள். எர்மெலிந்தா எல்லோருக்கும் முன்னால் வந்து நிழலான இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு சடை பின்னல" என்று முனகிக்கொண்டே எண்பது பின்னினாள். ஒனோராத்தோ ஒவ்வொன்றையும் அளந்து, இழுத்துப் பார்த்து, தளர்ந்ததைத் திருப்பிக் கொடுத்தான். "தகரக்காரா, உன் பொண்டாட்டி எப்படித்தான் உன்கூடக் குப்ப கொட்டுறாளோ!" என்று பெண்கள் சிரித்தார்கள். அவன் அடுத்ததை அளந்தான்.

குருத்தோலை ஞாயிறன்று கோயில் வாசலில் மாதிரிக்காகப் பன்னிரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றினார்கள். பன்னிரண்டு திரிகளும் ஒரே பக்கமாகத் தலை குனிந்தன. கூட்டம் முணுமுணுத்தது. ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். மூங்கில் கூடைகள் விற்க வந்தவர் போல ஓரமாக நின்றிருந்த ஃபவுஸ்தீனோ முன்னால் வந்தார்.

"நல்லாப் பாத்துக்குங்க! உங்க வேண்டுதலே வெக்கத்துல தலை தொங்கிருச்சு. ஊரு முழுக்கப் பாவம் போலருக்கே!"

ஒனோராத்தோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கை பக்கம் வந்தான். சங்கத்தார் சிலர் பெனிக்னோவின் காதில் ஏதோ சொன்னார்கள். கோபுரத்துக்கு இன்னும் ஏழு நாள். இப்போது மாற்றினால் கொப்பரை போகும், அதோடு தங்கையின் பிழைப்பும் போகும்.

நெமேசியா பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"முதலாளி, கோயிலுக்குள்ள போனா தொப்பியக் கழட்டுவீங்களா?"

"கழட்டாம?"

"நற்கருணைய ஒசத்தும்போது தலை குனிவீங்களா?"

"குனிவேன். எல்லாருந்தான் குனிவாங்க."

"அப்ப என் திரி மட்டும் ஆண்டவர் முன்னாடி ஆணியாட்டம் விறைச்சுக்கிட்டு நிக்கணுமா? மூணு வருஷமா உங்க கம்பி நின்னுச்சே, அதுக்குப் பேரு மரியாதையா, திமிரா?"

முதலில் எர்மெலிந்தாவின் சிரிப்பு வெடித்தது. அதைத் தொடர்ந்து வாசலே சிரித்தது. சிலுவை போட்ட கிழவர் அருகே வந்து, ஒரு சுடரைக் குனிந்து பார்த்து, "அட, கும்பிடுது" என்றார். அன்று மாலைக்குள் ஊரே அப்படிச் சொல்ல ஆரம்பித்தது. ஃபவுஸ்தீனோ எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு. விடிந்துகொண்டிருக்கும்போது கோயிலின் பெரிய கதவுகள் திறந்தன. படிப்படியாகக் குறுகும் வெள்ளைக் கோபுரத்தை நூறு ஆண்கள் தோளில் தூக்கிக்கொண்டு அடி அடியாக வெளியே வந்தார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது சுடர்கள். வாணமும் மணியும் முழங்க, சதுக்கத்தைச் சுற்றத் தொடங்கியது கோபுரம். முதல் பக்கம் தாண்டியது. இரண்டாவது பக்கம். தானியக் கிடங்கு மூலையில் திரும்பும்போது மலையிலிருந்து காற்று இறங்கியது. நான்கு வருடத்துக்கு முன் இருநூறு சுடர்களை விழுங்கிய அதே மூலை.

சுடர்கள் எல்லாம் ஒன்றாகப் படுத்தன. ஒரு பக்கம் முழுக்க நீலமாகச் சுருங்கியது. நெமேசியா மடங்காத விரல்களால் அண்ணனின் கையைப் பிடித்தாள். அவன் ஜெபம் செய்யவில்லை, எண்ணிக்கொண்டிருந்தான். காற்று கடந்து போனது. கீழ்வரிசை எழுந்தது. நடுவரிசை எழுந்தது. கடைசியில் உச்சியும் எழுந்து நின்றது. மொத்தம் ஐந்து அணைந்திருந்தன. அவையும் பக்கத்துச் சுடர் தொட்டுத் திரும்பப் பிடித்துக்கொண்டன.

கோபுரம் கோயிலுக்குத் திரும்பியபோது வெயில் வந்துவிட்டது. தூக்கியவர்கள் தோளில் போட்டிருந்த வெள்ளைத் துணிகள் வெள்ளையாகவே இருந்தன. எர்மெலிந்தா கைக்குட்டையில் உரக்க மூக்கைச் சிந்தி, அதை விரித்துச் சுற்றியிருந்த எல்லோருக்கும் காட்டினாள். "பாத்துக்குங்க, பால் மாதிரி!" டெல்ஃபினாவின் மகன் கன்னம் உப்பி, தாயின் முதுகில் தூங்கிக்கொண்டிருந்தான். எரிந்து மிஞ்சிய கட்டைகளை வாங்க வந்தவர்களிடம் நெமேசியா ஒவ்வொருவருக்கும் ஒரே பாடத்தைச் சொன்னாள். "ஜன்னல ஒரு சாண் தொற. துணிக்குப் பக்கத்துல வெக்காத. திரியில பருத்தி மட்டும் இருக்கான்னு பிரிச்சுப் பாத்துட்டு ஏத்து. யார் வித்தாலும், நானே வித்தாலும்."

கோயில் வாசலில் மேசை போட்டு, குறிப்பேட்டுடன் பெனிக்னோ காத்திருந்தார். அடுத்த வருடக் கோபுரத்துக்கு யார் தலைமை என்று அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குவது வழக்கம். சங்கத்தில் ஒரு குரல்கூட மாற்றுப் பெயர் சொல்லவில்லை. பக்கத்தைத் திருப்பினார். இடது பக்கத்தில் மூன்று சாம்பல் கோடுகள். வலது பக்கம் வெறுமையாக இருந்தது. பழக்கத்தில் மசிப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தியவர், ஒனோராத்தோவைப் பார்த்து, "நீதானப்பா கையெழுத்துப் போடணும்" என்றார்.

நெமேசியா மசிப் பெட்டியைத் திரும்ப நகர்த்தினாள்.

"பேனா குடுங்க."

அவள் எழுதவில்லை, குத்தினாள். பேனா முனையால் ஒவ்வொரு புள்ளியாக, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, அவசரமில்லாமல். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒனோராத்தோவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது எழுத்தில் புரிந்தது. அவன் ஆணியால் குத்திக் கொடுத்த பெட்டி மூடியில் இருந்த அதே பெயர். தவக்காலம் முழுக்க அவன் பட்டறையில் கிடந்த தகரத் துண்டுகளின் பின்பக்கம் புள்ளிகளாக இருந்தது. அவள் வைத்த திரிக் கணக்கு என்று நினைத்திருந்தான், அது அவள் குத்திக் குத்திப் பழகிய பெயர். கடைசி எழுத்து முடிந்த பிறகு, வரிக்குச் சற்றுக் கீழே, எந்த எழுத்திலும் சேராத ஒரு புள்ளியை அவள் கவனமாகக் குத்தினாள். முதல் பெட்டி என்பதால் அந்த இடத்தில் அவனுக்கு ஆணி வழுக்கியிருந்தது. தங்கை அதையும் விடவில்லை.

பெனிக்னோ கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "நெமேசியா."

"நாந்தான்" என்றாள்.

பெயருக்குப் பக்கத்தில் தேதி எழுத வேண்டும். அதை மட்டும் அண்ணன் எழுதினான்: 2004 ஏப்ரல் 11.